பெட்டித் தோணி

கடலே கண்ணில் படாத மலையில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் கடலுக்குப் போகத் தோணி கட்டினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? ரிங்லெட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டமும் வயிறு வலிக்கச் சிரித்தது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும் கங்காணி இராமையாகூட, வேலப்பன் பேர் வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, "கப்பலுக்குப் போயிட்டானா, இருக்கானா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேருக்குப் போவார்.

வேலப்பனுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. அவன் தோட்டத்துத் தச்சன். கொழுந்து வாட்டும் தட்டுகளைச் செப்பனிடுவது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவுகளுக்குக் கீல் மாற்றுவது, செத்தவர்களுக்குப் பெட்டி அடிப்பது என்று வருஷம் பூராவும் அவனுக்கு வேலை இருந்தது. அது முடிந்ததும் ஃபேக்டரிக்குப் பின்னால், உடைந்த தேயிலைப் பெட்டிகளைப் போட்டுவைக்கும் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவான். பெட்டிப் பலகையை நறுக்கி விலா எலும்பு மாதிரி வரிசையாக நிறுத்தி, மேலே கித்தான் துணியை இழுத்துக் கட்டி, ஃபேக்டரிக் கூரைக்கு அடித்து மிஞ்சிய சிவப்புச் சாயத்தை மூன்று முறை பூசினான். ஒருவர் மட்டும் காலை நீட்டி உட்காரக்கூடிய, இரண்டு முனையும் கூரான சின்னத் தோணி. உள்ளே எட்டிப் பார்த்தால் பலகையில் தோட்டத்தின் பெயரும் எடையும் அச்சடித்தபடியே தெரியும். அதனால் எல்லாரும் அதைப் பெட்டித் தோணி என்றார்கள். சின்னத் துரை டொனால்ட் மட்டும் கயாக் என்றார்.

ஆசையைக் கிளப்பிவிட்டது அந்த டொனால்ட்தான். பெரிய துரைக்கு உதவியாக வந்த இளவட்டம், தமிழ்க் கிறிஸ்தவர், பினாங்கில் படித்தவர். பினாங்கிலிருந்து வரும்போதே கண்ணாடி நாரில் செய்த ஒரு மஞ்சள் கயாக்கைக் கொண்டுவந்து பங்களாவில் கார் நிறுத்தும் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தார். துணைக்கு ஆள் இல்லாமல் தவித்தவருக்கு வேலப்பன் வாய்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ரிங்லெட் அணைக்கட்டு ஏரியில் இறங்குவார்கள். முப்பத்தெட்டு வயது வரை கங்காணி சொன்ன இடத்துக்குப் போய் சொன்ன வேலையைச் செய்த மனுஷன், துடுப்பைக் கையில் வாங்கியதும் வேறு ஆளாகிவிடுவான். கழுத்து நிமிரும். சின்னத் துரையையே முந்திக்கொண்டு போவான். அப்படிப் போகிற புருஷனை அம்சவல்லி ஒருநாள் கரையில் நின்று பார்த்தாள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஆனாலும் அவன் கரையேறும் வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அம்சவல்லி கடற்கரைப் பெண். லுமுட்டுக்குத் தெற்கே, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த தென்னந்தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா மாடசாமி தேங்காய் உரிக்கிற வேலை போக, மிஞ்சிய நேரத்தில் சம்பான் என்ற சின்னப் படகில் போய் நண்டுக் கூடு போடுவார். அந்தக் கரையில் வெயில் காலத்துக் காற்று ஒன்று உண்டு. கடலுக்கு அப்பால் சுமத்ராவிலிருந்து வருவதால் அதற்கே சுமத்ரா என்றுதான் பேர். ராத்திரி பூராவும் புழுங்கும், ஓர் ஓலை அசையாது, மேற்கே சத்தமில்லாமல் மின்னும். விடிகிற நேரத்தில் கறுப்புச் சுவராக எழுந்து வந்து மழையும் காற்றுமாக அடித்துவிட்டு, பசியாறும் நேரத்துக்குள் ஒன்றுமே நடக்காதது போல வெளுத்துவிடும். அதற்குப் பிறகு பகல் முழுக்கக் கடல் குழந்தை மாதிரி கிடக்கும். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்படி ஒரு விடியலில்தான் மாடசாமி போனார். கரைச் சேற்றில் வளரும் பாக்காவ் மரக்காட்டு வேர்களுக்குள் சிக்கிக் கிடந்தவரை எடுத்துவந்தார்கள். நீர்ச்சாவு நடந்த வீட்டில் அந்தச் சாவை வாயால் எடுக்கக்கூடாது, எடுத்தால் தண்ணீர் இன்னோர் ஆளைக் கேட்கும் என்பது அந்தத் தோட்டத்துச் சனங்களின் வழக்கம். "கடல்ல போயிட்டாரு" என்பதற்கு மேல் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய புருஷனிடமும் சொன்னதில்லை.

மலைக்குக் கட்டிக்கொடுத்தபோது அவளுக்கு உள்ளூர நிம்மதிதான். ஆனால் இங்கே மழை வேறு தினுசாக இருந்தது. விடியும்போது வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். மதியச் சோறு உண்டு முடிப்பதற்குள் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவரும், பிறகு கொட்டும். பழக்கதோஷத்தில் அவள் காலையில் துவைக்காமல் வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து மதியம் துவைத்துப் போடுவாள். முதல் ஆறு மாசம் அவள் துணி காய்ந்ததே இல்லை. "கடக்கரைக்காரிக்கு நேரம் காலம் தெரியலைலா" என்று லயமே கேலி செய்தது. வேலப்பனும் சேர்ந்துதான் சிரித்தான். ஏன் அப்படிச் செய்கிறாள் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை, சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் மே மாசம், வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் சின்னத் துரையும் வேலப்பனும் லுமுட்டுக்கு இறங்குகிறார்கள். சனிக்கிழமை இரண்டு தோணிகளிலும் பங்கோர் தீவுக்குத் துடுப்புப் போட்டுப் போய்ச் சேருவதாக ஏற்பாடு. வெளியே மழை அடித்து ஓய்ந்து தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அம்சவல்லி குசினியில் வழிச்சோற்றுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நெத்திலிச் சம்பல் வதங்கிக்கொண்டிருந்தது. ஏழு வயது மகள் சீதா ஒரு மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"காரம் கொஞ்சம் தூக்கலா போடு புள்ள" என்றான் வேலப்பன், துடுப்பின் பிடியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே. "சின்னத் தொரை நல்லா சாப்புடுவாரு."

"தொரைக்கு பங்களாவுல லூர்தம்மாக்கா சமைச்சுக் குடுப்பாங்க. நான் ஒங்களுக்குத்தான் செய்யிறேன்." அவள் திரும்பவில்லை. "கட்டாயம் போய்த்தான் ஆகணுமா?"

"இதோ ஆரம்பிச்சிட்டியா."

"கேட்டேன்லா. கேக்கக்கூடாதா?"

"ஏரில எத்தன ஞாயிறு ஓட்டிட்டேன். ஒரு தடவ கவுந்திருக்கேனா? நீயே வந்து பாத்தல்ல."

"ஏரி வேற, அது வேற."

"தண்ணி தண்ணிதான புள்ள?"

"ஏரிக்கு நாலு பக்கமும் கரை இருக்கு. அங்க ஒரு பக்கந்தான் கரை." அவள் கரண்டியை வைத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்குத் தெரியாது. நான் பாத்தவ."

வேலப்பன் உப்புத்தாளைக் கீழே போட்டான். மாமனார் கடலில் போனது அவனுக்குத் தெரியும். எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினான். குரல் இறங்கிவிட்டது.

"இங்க பாரு. நான் பொறந்ததும் இந்த லயம், எங்கப்பன் செத்ததும் இந்த லயம். தெனமும் மணி அடிச்சா எந்திரிக்கிறேன், மணி அடிச்சா தூங்குறேன். நம்ம கல்யாணத்தன்னிக்கு ஒங்க வீட்டுப் பின்னால நின்னு கடலப் பாத்தேன் பாரு, அன்னிலேருந்து மனசுல கெடக்கு. ஒரே ஒரு தடவ அது மேல போயிட்டு வந்துடுறேன். அப்புறம் அந்தத் தோணிய வெட்டி அடுப்புல வையி, ஏன்னு கேக்க மாட்டேன்."

இப்படிக் கேட்கிற மனுஷனிடம் என்ன சொல்வது? ஒன்றுக்கும் ஆசைப்படாதவன் ஆசைப்பட்டுவிட்டான். மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அனுப்பவும் வரவில்லை. புளித்தண்ணீர் கையோடு எழுந்து, கழுவித் துடைத்துக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினாள்.

"வாங்க இங்க. இதுல அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

"என்னான்னு?"

"மழ வர்ற நேரத்துல தண்ணியில இருக்க மாட்டேன்னு. யாரு கூப்பிட்டாலும் சரி, தொரையே சொன்னாலும் சரி. மழ நேரத்துல கால் கரையிலதான் இருக்கணும்."

வேலப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவுதானா என்பது போல விளக்குக்கு மேல் கையை நீட்டினான்.

"சத்தியமா. மழ நேரத்துல நான் கரையில இருப்பேன். போதுமா?"

"ஆத்தா மேல?"

"ஆத்தா மேல, எம் மக சீதா மேல. எந்த நேரம் மழ வரும்னு எனக்குத் தெரியாதா என்ன?"

அம்சவல்லிக்கு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. சுமத்ரா அடித்து ஓய்ந்த பிறகு, வெயில் ஏறி, கடல் படுத்த பிறகு இறங்குவான் என்று நினைத்துக்கொண்டாள். சம்பலில் அவன் கேட்டபடி காரத்தைத் தூக்கலாகப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை லேண்ட்ரோவரின் தலையில் மஞ்சளும் சிவப்புமாக இரண்டு தோணிகளும் ஏறின. லயத்துப் பிள்ளைகள் பங்களா வளைவு வரை பின்னால் ஓடின. வேலப்பன் சலவைச் சிலுவாரும் வெள்ளைச் சட்டையுமாக, மாப்பிள்ளை மாதிரி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை விடிந்த விடியலை அந்தத் தோட்டத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. மூட்டமில்லை, பனியில்லை. மேட்டு உச்சியிலிருந்து பார்த்தால் தாப்பா பக்கம் வரைக்கும் மலை மலையாகத் தெரிந்தது. "இன்னிக்குக் கொழுந்து மளமளன்னு கூடைக்குள்ள வரும்" என்று பெண்கள் கலகலத்துக்கொண்டு போனார்கள். அம்சவல்லிக்கு அந்தத் தெளிவு பிடிக்கவில்லை. ராத்திரி மேற்கே, மலைகளுக்கு அந்தப் பக்கம், சத்தமில்லாமல் வெளிச்சம் விட்டுவிட்டு வந்ததை அவள் பார்த்திருந்தாள். அவன் இறங்குவதற்குள் அடித்து முடிந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கூடையை முதுகில் மாட்டினாள்.

கொழுந்து கிள்ளும் நிரைக்குப் போகும் வழியில்தான் சின்னத் துரை பங்களா. அங்கே சமையல் வேலை செய்யும் லூர்தம்மாள் இளவெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பசியாறிட்டியாடி அம்சா?"

"ஆச்சுக்கா. நீங்க?"

"எங்க! மணி பாக்கக் கடிகாரமே இல்ல. அலாரக் கடிகாரத்த அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் சூரியனப் பாத்துத்தான் அடுப்புப் பத்தவச்சேன்."

அம்சவல்லி நின்றாள். "கடிகாரம் எதுக்குக்கா அவங்களுக்கு?"

"விடியக்காலம் எந்திரிக்கத்தான். வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே கடல்ல எறங்கணும்னு பேசிக்கிட்டாங்களே. இந்நேரம் பாதிக் கடலு தாண்டியிருப்பாங்க." லூர்தம்மாள் ஒரு துண்டை உதறினாள். "ஏண்டி, ஏன் அப்பிடிப் பாக்குற? வானம் எம்மாம் அழகா இருக்கு பாரு. ஆண்டவர் நல்ல நாளாத்தான் குடுத்திருக்காரு."

கூடை எங்கே விழுந்தது என்று அம்சவல்லிக்குத் தெரியாது. ஆபீசுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் ஓடினாள். தேயிலைக் குச்சிகள் காலைக் கீறின. ஓடும்போது வாய் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. "பாவி தொரை. பாவி தொரை. கூலிக்காரன் உசுருன்னா வெளையாட்டாப் போச்சு. சத்தியம் பண்ணிட்டு வந்த மனுஷன இழுத்துட்டுப் போயிட்டானே!"

கணக்கு எழுதும் கிராணி இராதாகிருஷ்ணன் அப்போதுதான் கோப்பியை ஊதிக் குடிக்கத் தொடங்கியிருந்தார். வியர்த்து, இரைத்து, முக்காடு நழுவி நின்றவளைப் பார்த்துக் கிளாசைக் கீழே வைத்தார்.

"கிராணி ஐயா, லுமுட்டுக்கு போன் போடுங்க. எறங்க வேணாம்னு சொல்லுங்க. காலு புடிக்கிறேன்."

"என்னம்மா, யாருக்கு என்னா? பெரிய தொரைகிட்டக் கேக்காம வெளியூருக்குப் போடக்கூடாதுலா."

"அங்க இப்பதான் ஐயா காத்து அடிக்கும். விடியக்காலத்துலதான் அடிக்கும். எங்கப்பாவ…" இத்தனை வருஷம் வாயால் எடுக்காத சொல். அதை எடுத்தாள். "எங்கப்பாவ விடியக்காலத்துலதான் கொண்டுபோச்சு ஐயா."

இராதாகிருஷ்ணன் போனைத் தன் பக்கம் இழுத்தார். கைப்பிடியைச் சுற்றினார். ரிங்லெட்டைப் பிடித்து, தாப்பாவைப் பிடித்து, அங்கிருந்து லுமுட்டைப் பிடித்து, அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு இணைப்பு வருவதற்குள் அவளுக்கு ஒரு யுகம் போய்விட்டது. கடைசியில் மறுமுனையில் ஒரு மலாய்க்காரக் காவலாளி கத்திப் பேசினான். குரலுக்குப் பின்னால் ஓயாத ஓர் இரைச்சல். அது என்னவென்று கிராணிக்குப் புரிந்ததோ என்னவோ, மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற அம்சவல்லிக்குப் புரிந்தது. தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தம் அது.

"சூடா பெர்கி? பிலா?" என்றார் கிராணி. போய்விட்டார்களா, எப்போது என்று கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இருட்டோட எறங்கிட்டாங்களாம். இப்ப… காத்து கொஞ்சம் பெரிசா அடிக்குதாம். போலீஸ் படகுக்குச் சொல்லியிருக்காங்களாம். பயப்படாதம்மா. இங்க பாரு, ஒரு பொட்டு மேகம் இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் தேயிலை மேல் பளபளத்துக்கொண்டிருந்தது. மேட்டில் யாரோ ஒருத்தி சிரிப்பது கேட்டது. அம்சவல்லி அந்த வெயிலைப் பார்த்தபடி ஆபீஸ் படியில் உட்கார்ந்தாள். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

அன்று முழுக்க ஒரு சேதியும் வரவில்லை. லூர்தம்மாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். ஜெபமாலையை உருட்டியபடி பக்கத்திலேயே கிடந்தாள். சீதா, "அப்பா சங்கு எடுத்துட்டு வர்றேன்னுச்சு" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்சவல்லி மனசுக்குள் சின்னத் துரையோடு மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வரட்டும். சட்டையைப் பிடித்து உலுக்கி, ஊரறியக் கேட்டுவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லேண்ட்ரோவர் ஏறி வந்தது. தலையில் ஒரு தோணிதான் இருந்தது. சிவப்புத் தோணி. வளைவில் திரும்பும்போது லயமே பார்த்தது. வேலப்பன் பூசிய சாயம் ஓரிடத்தில்கூடப் பெயரவில்லை, கித்தான் கிழியவில்லை. அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தான். அதில் உட்கார்ந்து போனவனைத்தான் காணோம்.

டொனால்ட் இறங்கினார். நெற்றியிலும் கையிலும் கட்டு. யாரோ கொடுத்த பெரிய சட்டை தோளில் தொங்கியது. அந்த இளவட்டம் ஒரே நாளில் கிழவனாகியிருந்தது. லயத்து வாசலுக்கு வந்து அம்சவல்லிக்கு முன்னால் நின்றார்.

"சொல்லுங்க" என்றாள் அம்சவல்லி.

"பாக்காவ் காட்டுப் பக்கம்… நேத்து சாயந்தரம் எடுத்தாங்கம்மா. ஆஸ்பத்திரில இருக்கு. ஒங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

பெண்கள் ஓவென்று அழத் தொடங்கிவிட்டார்கள். லூர்தம்மாள் சீதாவை வாரி மடியில் அமுக்கிக்கொண்டாள். அம்சவல்லி மட்டும் அழவில்லை. இரண்டு நாள் உள்ளே ஊறிய கேள்வி முதலில் வெளியே வரவேண்டியிருந்தது. டொனால்டின் சட்டையை மெய்யாகவே பிடித்துவிட்டாள்.

"ஏன் தொரை விடியக்காலத்துல எறக்கினீங்க? சத்தியம் பண்ணிட்டு வந்த மனுஷன ஏன் எறக்கினீங்க? வெயில் ஏறினப்புறம் போனா ஒங்க தீவு ஓடியா போயிடும்?"

அவர் கையை விலக்கவில்லை.

"நான் பத்து மணிக்குத்தான் போலாம்னேம்மா. நல்லா பசியாறிட்டு, மெதுவா எறங்கலாம்னேன். அவர்தான் ஒத்துக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்ல விளக்கு மேல சத்தியம் பண்ணியிருக்கேன் தொரை, மகள் மேல சத்தியம் பண்ணியிருக்கேன்னாரு. மத்தியான மழைக்கு முன்னாடி கரையேறியே ஆகணும், விடியறதுக்கு முன்னாடி எறங்கினாத்தான் முடியும்னாரு. அலாரம் வச்சு என்ன எழுப்பினதே அவருதாம்மா."

சட்டையைப் பிடித்திருந்த கை தானாகக் கழன்றது. அம்சவல்லி சிவப்புத் தோணியைப் பார்த்தாள், பிறகு விளக்கேற்றிச் சத்தியம் வாங்கிய தன் உள்ளங்கையைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. முதலில் ஃபேக்டரிக் கூரை மறைந்தது, பிறகு பங்களா வளைவு மறைந்தது. கைப்பழக்கத்தில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டே ஓடிப் போய்க் கொடியிலிருந்த துணிகளை உருவினாள். பெரிய பெரிய துளியாக விழுந்து, தகரம் அதிரக் கொட்ட ஆரம்பித்தது. உள்ளே வா என்று லூர்தம்மாள் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அம்சவல்லி அசையவில்லை. மழை தலையில் விழுந்து முகத்தில் வழிய, அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"இந்த மழைக்குத்தாங்க்கா அவரு பயந்து ஓடியிருக்காரு."